சிறுகதைத் தொகுப்பை இலவச மின்னூலாக விட சிசி பை-என்சி-என்டி போதும்தானே?

ஆற்றங்கரை | 3 பிப்ரவரி 2025, காலை 9.12

பன்னிரண்டு சிறுகதைகள். 2016-இல் ஒரு சிறு பதிப்பகம் புத்தகமாகப் போட்டது. இப்போது கடைகளில் இல்லை. எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமத்தில் இலவச மின்னூலாக விட எண்ணம். யாரும் விற்கக் கூடாது, யாரும் ஒரு வரியைக்கூட மாற்றக் கூடாது. ஆறு உரிமங்களில் இருப்பதிலேயே இறுக்கமானது பை-என்சி-என்டி (பை: பெயர் போட வேண்டும், என்சி: வணிகம் கூடாது, என்டி: மாற்றிய வடிவத்தை வெளியிடக் கூடாது) என்பதால் அதையே போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். சரிதானே? அட்டை ஒரு நண்பர் வரைந்தது. உள்ளே நான்கு படங்கள் இணையத்தில் எடுத்தவை.

அச்சுமை | 3 பிப்ரவரி, காலை 10.40

எந்த உரிமம் என்பது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, கொடுப்பதற்கு உங்கள் கையில் என்ன இருக்கிறது என்பது. கதை உங்களுடையது. அட்டை? அந்த நான்கு படம்? "இணையத்தில் எடுத்தவை" என்றால் யாரோ ஒருவருடையவை. உங்களுக்குச் சொந்தமில்லாததற்கு நீங்கள் உரிமம் கொடுத்தால் அது செல்லாது. உங்களை நம்பி எடுத்தவனும் சேர்ந்து மாட்டுவான்.

ஒவ்வொன்றாக எழுதுங்கள்: எந்தக் கதை எந்த இதழில் வந்தது, அட்டைக்குப் பணம் கொடுத்தீர்களா, படம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

ஆற்றங்கரை | 3 பிப்ரவரி, பகல் 12.05

ஏழு கதைகள் சிற்றிதழ்களிலும் வார இதழ்களிலும் வந்தவை. நான் எங்கும் சம்பளத்துக்கு வேலை பார்த்ததில்லை. அட்டைக்குப் பணம் கொடுக்கவில்லை, நட்புக்காக வரைந்தார். படங்கள் கூகுளில் தேடி எடுத்தவை. புத்தகத்தில் "நன்றி: கூகுள்" என்று போட்டிருக்கிறோமே?

மூலப்பிரதி | 3 பிப்ரவரி, பகல் 12.09

கூகுள் படம் எடுக்கப் போவதில்லை. "நன்றி: இணையம்", "நன்றி: முகநூல்" எல்லாம் ஒரே சாதி. நன்றி சொன்னால் அனுமதி ஆகிவிடாது.

சட்டப்புள்ளி | 3 பிப்ரவரி, இரவு 8.30

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957 படி நிலைமை இது.

இதழில் வந்த கதைகள்: பிரிவு 17(அ) இதழ் உரிமையாளருக்கு உரிமை தருவது, எழுதியவர் அந்த இதழின் ஊழியராக இருந்து பணியின் பகுதியாக எழுதியிருந்தால் மட்டும். அப்போதும்கூட இதழில் வெளியிடும் அளவுக்குத்தான். வெளியிலிருந்து கதை அனுப்பியவருக்கு இது பொருந்தாது. ஆனால் சில இதழ்கள் சன்மானத்தோடு அனுப்பும் படிவத்தில் "அனைத்து உரிமையும்" என்று கையெழுத்து வாங்குகின்றன. அப்படி ஏதாவது போட்டீர்களா என்று பழைய கோப்பைப் பாருங்கள்.

பதிப்பகம்: உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் (பிரிவு 19). எழுத்து இல்லை என்றால் மாற்றம் நடக்கவே இல்லை. உரிமை உங்களிடமே இருக்கிறது, அவர்கள் அச்சிட்டது உங்கள் இசைவின்பேரில். எழுத்தில் ஒப்பந்தம் உள்ளவர்களும் மூன்றைக் கவனிக்கலாம். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். மாற்றிக் கொடுத்த உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அந்த உரிமை தானே காலாவதி. மின்னூல் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டு பரணில் போட்ட பதிப்பகங்களுக்கு இந்த மூன்றாவது தெரிவதே இல்லை.

அட்டை: கைம்மாறு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கும் எடுக்கச் சொன்ன ஒளிப்படத்துக்கும் முதல் உரிமையாளர் சொன்னவரே (17(ஆ)). காசு கொடுக்காமல் நட்புக்கு வாங்கியது என்றால் உரிமை வரைந்தவரிடம். கொடுமைதான், ஆனால் அப்படித்தான். நண்பரிடம் ஒரு மின்னஞ்சல் வாங்குங்கள், உரிமத்தின் பெயரும் பதிப்பு எண்ணும் அதில் இருக்கட்டும். உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 30. 2012 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் கையெழுத்து கட்டாயமில்லை.

அச்சுமை | 4 பிப்ரவரி, காலை 7.15

இப்போது என்சி-என்டி. இதைப் போட்டால் நடக்காமல் போகிறவை: கதையைத் தெலுங்கிலோ சிங்களத்திலோ மொழிபெயர்த்து வெளியிட முடியாது. கல்லூரி ஆண்டு விழாவில் நாடகமாக்க முடியாது. பாடநூலுக்குச் சுருக்க முடியாது. ஐம்பது ரூபாய் விலை போட்டு நட்டத்திலேயே ஓடும் சிற்றிதழ் ஆசிரியர், தான் செய்வது வணிகமா என்று குழம்பிப் பயந்து விட்டுவிடுவார். விக்கித் திட்டங்கள் தொடவே தொடாது. என்சி, என்டி இரண்டையுமே விக்கிமீடியா காமன்ஸ் ஏற்பதில்லை.

நடப்பவை: திருடுகிறவன் திருடுவான். உங்கள் கதையை அள்ளித் தன் பெயரில் போடுகிறவன் உரிமப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்க மாட்டான்.

ஆக இந்த உரிமத்தால் கட்டப்படுவது, கேட்டுச் செய்கிற ஆட்களின் கை மட்டும்.

ஆற்றங்கரை | 4 பிப்ரவரி, காலை 9.50

அதற்காக எவனோ அமேசானில் போட்டு விற்பதை வேடிக்கை பார்ப்பதா? நாளைக்கு யாராவது திரைப்படமாக எடுத்தால்?

அச்சுமை | 4 பிப்ரவரி, காலை 11.20

படத்தைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன், பை-எஸ்ஏ (பெயர் போட வேண்டும், மாற்றினால் அதே உரிமத்தில் விட வேண்டும்) பக்கம் நான் நிற்பதே அதனால்தான்.

பை மட்டும் போட்டால் தயாரிப்பாளர் உங்கள் பெயரைப் போட்டுவிட்டு இலவசமாக எடுக்கலாம். எஸ்ஏ சேர்ந்தால் கதையிலிருந்து எடுக்கும் படம் தழுவல் ஆகிறது. தழுவலை அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். அதாவது முழுப் படத்தையும் யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், திரையிடலாம், விற்கலாம். எந்தத் தயாரிப்பாளர் அதற்கு ஒப்புக்கொள்வார்? உங்களிடம் வந்து தனி உரிமம் கேட்பார். சிசி உரிமம் எதுவும் உங்கள் கையைக் கட்டுவதில்லை, அதனால் அதே கதையைப் பணம் வாங்கிக்கொண்டு வேறொருவருக்கு வேறு நிபந்தனையில் கொடுக்க உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. மொழிபெயர்ப்பாளருக்கும் நாடகக்காரருக்கும் எஸ்ஏ பாரமில்லை. பூட்ட நினைப்பவருக்கு மட்டும் பாரம்.

பெயரே போடாமல் கதையை எடுக்கிற ஆட்களைப் பற்றி இங்கே பேசவில்லை. அவர்களுக்கு எல்லா உரிமமும் ஒன்றுதான்.

சட்டப்புள்ளி | 4 பிப்ரவரி, பிற்பகல் 3.00

"ஒரு வரி மாற்றக் கூடாது" என்ற கவலைக்கு: பை-எஸ்ஏ 4.0-இலும் மாற்றியவர் மாற்றியதாகக் குறிப்பிட்டாக வேண்டும். நீங்கள் ஆதரிப்பதுபோல் காட்டக் கூடாது. மாற்றிய வடிவம் பிடிக்கவில்லை என்றால் உங்கள் பெயரை எடுக்கச் சொல்லலாம், நடைமுறையில் முடிந்த அளவு எடுத்தாக வேண்டும். இந்தியாவில் பிரிவு 57 தனியாக இருக்கிறது, மதிப்பைக் குலைக்கும் சிதைப்புக்கு எதிரான உரிமை. ஆனால் 4.0 உரையில், உரிமத்தைப் பயன்படுத்தத் தேவையான அளவுக்கு அந்த உரிமையை வலியுறுத்த மாட்டேன் என்று நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள். ஆகவே 57-ஐ முழுக் கவசம் என்று எண்ண வேண்டாம்.

இன்னொன்று, கொடுத்த பிறகு திரும்பப் பெற முடியாது. நீங்கள் இணையத்திலிருந்து இறக்கிவிடலாம். அதற்கு முன் எடுத்தவர்களின் உரிமை அப்படியே இருக்கும்.

மூலப்பிரதி | 4 பிப்ரவரி, மாலை 6.44

என்சி பற்றி ஒரு திருத்தம். அச்சுமை சொன்னது முக்கால்வாசி சரி. என்சி பார்ப்பது பயன்பாட்டை, ஆளை அல்ல. உரிமத்தின் சொல்படி, முதன்மையாக வணிக ஆதாயத்தையோ பண ஈட்டையோ நோக்கிய பயன்பாடு கூடாது. தொண்டு நிறுவனம் என்பதாலேயே அனுமதி இல்லை, கடை என்பதாலேயே தடையும் இல்லை.

ஆசிரியர் ஒருவர் என்சி பாடத்தை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து நகலெடுத்தால் கடைக்காரர் பக்கத்துக்குக் காசு வாங்குகிறாரே, மீறலா? அமெரிக்காவில் இதே வழக்கு வந்தது. கிரேட் மைண்ட்ஸ் என்ற நிறுவனம் ஃபெடெக்ஸ் ஆஃபிஸ் மீது போட்டது. பள்ளிக்காகக் கடை நகலெடுப்பது பள்ளியின் வணிகமற்ற பயன்பாடுதான் என்று இரண்டாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-இல் சொன்னது. சிற்றிதழ் விஷயத்தில் இன்னும் குழப்பம்தான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

அச்சுமை | 4 பிப்ரவரி, இரவு 9.02

குழப்பம் என்றாலே ஆசிரியர்கள் ஒதுங்கிவிடுவார்கள் என்பதுதான் நான் சொன்னதும்.

அமேசான் பாக்கி இருக்கிறது. பை-எஸ்ஏ நூலை ஒருவர் விற்கலாம், உண்மை. ஆனால் பெயர் போட வேண்டும், உரிமத்தைக் குறிப்பிட வேண்டும், நகல் தடுக்கும் பூட்டு எதுவும் போடக் கூடாது. கிண்டிலில் ஏற்றும்போது டிஆர்எம் (அந்தப் பூட்டுதான்) வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால் அங்கேயே மீறல். அதோடு, உரிமையாளர் தாம் அல்லாத, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உரையை ஏற்றுவதை அமேசானின் விதியே ஏற்பதில்லை. புகார் கொடுத்தால் இறக்குவார்கள். இலவசமாகக் கிடைப்பதைக் காசுக்கு வாங்குகிறவர் எத்தனை பேர் என்பதையும் யோசியுங்கள்.

சட்டப்புள்ளி | 4 பிப்ரவரி, இரவு 9.40

வலைத்தளங்களுக்குப் புகார் அனுப்பும் முறை: பிரிவு 52(1)(இ), 2013 விதிகளில் 75-ஆம் விதி. எழுத்தில் புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் தளம் அணுகலை நிறுத்த வேண்டும். அது 21 நாளைக்குத்தான். அதற்குள் நீதிமன்ற ஆணை காட்டாவிட்டால் திரும்பத் திறக்கலாம். பெரிய தளங்களுக்குத் தனிப் படிவம் உண்டு, அதில் போடுவது விரைவு.

ஆற்றங்கரை | 5 பிப்ரவரி, காலை 8.25

அமேசான் என்றதும் நினைவு வந்தது. இந்தத் தொகுப்பின் கிண்டில் பதிப்பு ஒன்றை நானே போட்டிருக்கிறேன். சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெடில் இருக்கிறது. பாதகமில்லையே?

அச்சுமை | 5 பிப்ரவரி, காலை 8.31

நிறுத்துங்கள். எதையும் ஏற்றாதீர்கள்.

அச்சுமை | 5 பிப்ரவரி, காலை 8.58

கிண்டில் அன்லிமிடெடில் இருக்கிறது என்றால் அமேசானின் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்த்திருக்கிறீர்கள். அதில் 90 நாள் தவணை, தானே புதுப்பித்துக்கொள்ளும். அந்தத் தவணை முழுக்க மின்வடிவில் வேறெங்கும், இலவசமாகவும்கூட, கொடுக்க மாட்டேன் என்று ஒப்பந்தம். நீங்கள் சிசியில் வெளியிட்டால் மீறுவது நீங்கள். யாரோ ஒருவர் உங்கள் இபப் (மின்னூல் கோப்பு) ஒன்றை இன்னொரு தளத்தில் போட்டாலும் அமேசான் கேள்வி கேட்பது உங்களை.

கணக்குக்குள் போய் தானியங்கிப் புதுப்பித்தலை எடுத்துவிடுங்கள். நடப்புத் தவணை முடியும் தேதி அங்கேயே இருக்கும். அதற்கு மறுநாள் வெளியிடுங்கள். நூலைச் சும்மா விற்பனைப் பட்டியலிலிருந்து எடுத்தால் மட்டும் போதாது, தவணை முடியும்வரை கட்டு இருக்கும். முடிந்த பிறகு செலக்ட் இல்லாத சாதாரண விற்பனையில் கிண்டில் பதிப்பை விட்டுவைக்கலாம்.

மூலப்பிரதி | 5 பிப்ரவரி, பகல் 1.10

தவணை முடியக் காத்திருக்கும் நேரத்தில் படங்களை மாற்றிவிடலாம். விக்கிமீடியா காமன்ஸில் தேடுங்கள். எடுக்கும்போது நான்கு விவரம் சேர்த்து ஒரு கோப்பில் வையுங்கள்: படத்தின் தலைப்பு, எடுத்தவர் பெயர் (அவர் கேட்ட வடிவில்), பக்கத்தின் முகவரி, உரிமத்தின் பெயர் பதிப்பு எண்ணோடு. ஓரம் வெட்டியதோ கறுப்பு வெள்ளை ஆக்கியதோ இருந்தால் அதையும். பிறகு தேடிப் போனால் கிடைக்காது, கோப்பின் பெயரை யாராவது மாற்றியிருப்பார்கள்.

புத்தகத்தில் இப்படி: பக்கம் 31 ஒளிப்படம்: "தலைப்பு", எடுத்தவர் பெயர், சிசி பை-எஸ்ஏ 4.0, விக்கிமீடியா காமன்ஸ் வழி, ஓரம் வெட்டப்பட்டது. இபப்பில் படப் பக்கத்துக்கும் உரிமப் பக்கத்துக்கும் இணைப்பு வையுங்கள். அச்சுப் பதிப்பில் இணைப்பைத் தட்ட முடியாது, உரிமத்தின் முழு முகவரியையும் அச்சிடுங்கள். "படம்: விக்கிப்பீடியா" என்பது எடுத்தவரைக் கழற்றிவிடுவது.

ஆற்றங்கரை | 5 பிப்ரவரி, மாலை 4.20

பை-எஸ்ஏ படம் ஒன்று உள்ளே வந்தால் முழு நூலும் பை-எஸ்ஏ ஆகிவிடுமா?

மூலப்பிரதி | 5 பிப்ரவரி, மாலை 5.35

ஆகாது. படத்தைப் படமாகவே ஒரு பக்கத்தில் வைப்பது தொகுப்பு. கதையின் உரிமம் ஒன்று, படத்தின் உரிமம் வேறு, இரண்டும் ஒரு நூலில் இருக்கலாம். இதற்கும் ஒரு வழக்கு உண்டு: டிராக்லிஸ் என்பவரின் ஃபிளிக்கர் படத்தை, பை-எஸ்ஏ 2.0, ஒரு வரைபட நூலின் அட்டையில் போட்டார்கள். 2015-இல் அமெரிக்க நீதிமன்றம் அந்த நூல் தழுவல் அல்ல என்றது. பின்னட்டையில் படக்காரர் பெயரைப் போட்டதும் போதும் என்றது.

ஆனால் அதே படத்தின் மேல் இன்னொரு ஓவியத்தை ஒட்டி, நிறம் மாற்றி, புது அட்டையாகச் செய்தால் அந்த அட்டை தழுவல். அட்டை மட்டும் பை-எஸ்ஏ.

சட்டப்புள்ளி | 6 பிப்ரவரி, காலை 10.00

பதிப்பு எண் ஏன் முக்கியம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் உரிமங்கள் 2002 டிசம்பரில் வந்தன, இப்போதுள்ள 4.0 2013 நவம்பரில். 3.0 வரை ஒரு நிபந்தனையைத் தவறவிட்டால் உரிமம் அந்த நொடியே ரத்து. 4.0-இல் தவறு தெரிந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் தானே உயிர் பெறும். இந்த வேறுபாட்டை வைத்தே சிலர் பிழைக்கிறார்கள். 2.0, 3.0 படங்களை வெளியிட்டுவிட்டு, பெயரில் சிறு பிழை செய்தவர்களைத் தேடிப் பணம் கேட்டு அறிவிக்கை அனுப்புவது. பழைய பதிப்புப் படம் என்றால் பெயர், தலைப்பு, உரிமம் மூன்றையும் எழுத்துப் பிசகாமல் போடுங்கள். 4.0-இல் தலைப்பு கட்டாயமில்லை, பழையவற்றில் கொடுத்திருந்தால் கட்டாயம்.

நீங்கள் கொடுப்பது 4.0 சர்வதேசமாகவே இருக்கட்டும். "2.5 இந்தியா" என்று ஒன்று இன்னும் சில வலைப்பூக்களின் ஓரத்தில் தொங்குகிறது. 4.0-க்கு நாட்டு வடிவங்கள் இல்லை, தேவையும் இல்லை. காலம், எல்லை இரண்டும் அதன் உரையிலேயே இருப்பதால், நான் முன்பு சொன்ன 5 ஆண்டு, இந்தியா மட்டும் என்ற சிக்கலும் எழாது.

யாழ்வாசி | 6 பிப்ரவரி, பகல் 2.15

கேட்கிற ஆள் இந்தியா எண்டபடியால் எல்லாரும் 1957 சட்டமே பேசுறியள். இலங்கையில 2003-ஆம் ஆண்டு 36-ஆம் இலக்கச் சட்டம், ஆயுட்காலத்துக்குப் பிறகு 70 ஆண்டு. இந்தியாவில 60. சென்னையில உரிமைக் காலம் முடிஞ்சு பொதுக்களமான ஒரு கதை கொழும்பில இன்னும் பத்து வருசம் உரிமையோட இருக்கும். மின்னூலுக்கு எல்லை இல்லை, பாத்துச் செய்யுங்கோ.

மூலப்பிரதி | 6 பிப்ரவரி, மாலை 7.00

யாழ்வாசி சொன்னதோடு கணக்கிடும் முறையையும் சேர்க்கிறேன், இங்கே பலரும் ஓராண்டு தவறுகிறார்கள். மறைந்த ஆண்டுக்கு அடுத்த சனவரி 1-இலிருந்து 60 ஆண்டு. புதுமைப்பித்தன் 1948, ஆகவே 2009 சனவரி 1 முதல் பொதுக்களம். கல்கி 1954, ஆகவே 2015 சனவரி 1.

நாட்டுடைமை இதிலிருந்து வேறு. தமிழக அரசு உரிமையை வாங்கிப் பொதுவில் விடுவது. காலம் முடியக் காத்திருக்க வேண்டாம். கலைஞர் 2018-இல்தான் மறைந்தார், அவர் நூல்கள் 2024-இலேயே நாட்டுடைமை. பாரதி பாடல்களை 1949-இல் அரசு எடுத்துக்கொண்டதுதான் இதற்கெல்லாம் முன்னோடி. அதுவரை அவற்றை ஒலிபரப்பும் உரிமை ஏ.வி. மெய்யப்ப செட்டியாரிடம் இருந்தது. தமிழ் விக்கிமூலத்தில் உள்ள நாட்டுடைமை நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகம் வழியாக சிசி-ஜீரோவில் (எந்த நிபந்தனையும் இல்லாமல் விடுவது) வந்தவை.

இதில் அடிக்கடி காணும் அபத்தம்: பொதுக்களக் கதையைத் தட்டச்சு செய்து "சிசி பை-என்சி, என் அனுமதியின்றி விற்கக் கூடாது" என்று போடுவது. தட்டச்சு செய்தால் உரிமை பிறக்காது. குறைந்தளவு படைப்புத்திறன் வேண்டும் என்று ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. உங்கள் முன்னுரைக்கும் அடிக்குறிப்புக்கும் அட்டைக்கும் மட்டும் உரிமம் போடலாம்.

எதிர்ப் பக்கமும் உண்டு. குறள் பொது, பரிமேலழகர் உரையும் பொது. ஆனால் 1970-இல் மறைந்த ஒருவரின் உரை, நாட்டுடைமை ஆகாதவரை, 2030 டிசம்பர் 31 வரை அவர் வாரிசுகளுடையது.

ஒலிக்கூடம் | 7 பிப்ரவரி, இரவு 11.20

கதையை யாராவது வாசிச்சு யூடியூப்ல போடணும்னா சில சங்கதி. ஓடுற படத்தோட இசையைப் பொருத்தினாலே அது தழுவல்னு 4.0-லயே எழுதியிருக்கு, அதனால என்டி இசை ஆகவே ஆகாது. கதை பை-எஸ்ஏன்னா காணொளியும் பை-எஸ்ஏ. அப்ப என்சி இசையும் சேராது. சிசி-ஜீரோ, பை, பை-எஸ்ஏ இசை மட்டும்.

யூடியூப்ல உரிமம் தேர்ந்தெடுக்கிற இடத்துல ரெண்டே வழி: வழக்கமான உரிமம், இல்லேன்னா பை. பை-எஸ்ஏ கதையை வாசிச்சவர் அங்க பையைத் தட்டக் கூடாது, அந்த உரிமை அவர்கிட்ட இல்ல. வழக்கமானதையே விட்டுட்டு, விவரத்துல பை-எஸ்ஏ 4.0ன்னு எழுதணும்.

இலவச இசைதானேன்னு போட்டாலும் கன்டென்ட் ஐடி (யூடியூப் தானே ஒப்பிட்டுப் பிடிக்கிற முறை) கொடி வரும். யாரோ அதே இசையை வச்சுப் பாட்டு செஞ்சு, முழுசையும் தன்னோடதுன்னு பதிவு பண்ணியிருப்பான். மறுப்பு போடுங்க, எதிராளிக்கு 30 நாள். அதுக்கு ஆதாரம் வேணும். இசையை இறக்கின அன்னைக்கே உரிமம் தெரியிற பக்கத்தை வேபேக் மெஷின்ங்கிற இணையக் காப்பகத்துல சேமிச்சு வைங்க.

மூலப்பிரதி | 8 பிப்ரவரி, காலை 6.50

பழைய பாட்டைப் பின்னணியில் போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். ஒரு பாட்டுக்குள் மூன்று உரிமை: வரி, மெட்டு, ஒலிப்பதிவு. ஒலிப்பதிவு வெளியான ஆண்டிலிருந்து 60, ஆகவே 1964 வரை வெளியானவை இந்தியாவில் இப்போது பொது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-இல் மறைந்தார், அவர் வரிகளும் பொது. மெட்டுப் போட்டவர் எப்போது மறைந்தார் என்பதைப் பார்க்காமல் தொடாதீர்கள். மூன்றில் ஒன்று பூட்டியிருந்தாலும் வாசல் திறக்காது.

ஒலிக்கூடம் | 8 பிப்ரவரி, காலை 7.05

தம்புரா போதும் சாமி.

அச்சுமை | 10 பிப்ரவரி, காலை 10.30

கோப்பு வேலை. 2016 புத்தகத்தின் பக்க வடிவமைப்புக் கோப்பைப் பதிப்பகத்திடம் கேட்டால் பெரும்பாலும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்தைய குறியாக்கத்தில் இருக்கும். மாற்றியதும் நேரே ஏற்றிவிடாதீர்கள். கண்ணில் படாத பிழைகள் இவை:

"ஔவை" என்பது "ஒளவை" ஆகியிருக்கும், ஒகரமும் ளகரமும் தனித்தனியாக. பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும், தேடினால் கிடைக்காது. "கௌ" என்பதிலும் ளகரம் ஒட்டியிருக்கும். கொம்பும் காலும் தனித்தனி எழுத்தாகவே நிற்கும் ஒகரங்கள். மேற்கோள் குறிகள் ஏதோ தமிழெழுத்தாக மாறியிருக்கும். துணைக்காலுக்குப் பதில் ரகரம், குறிப்பாக வருடி (ஸ்கேன் செய்து) எழுத்துணரி (ஓசிஆர்) வழியாக வந்தது என்றால். முடிந்தால் நீங்கள் முதலில் எழுதிய கோப்பிலிருந்தே தொடங்குங்கள்.

எழுத்துரு: திறந்த எழுத்துரு உரிமம், ஓஎஃப்எல் 1.1, உள்ளவை போதும். நோட்டோ, லோகித், கட்டமரான், ஹிந்த் மதுரை எல்லாம் இதில். இபப்புக்குள் பொதிக்கலாம், அதனால் உங்கள் நூலின் உரிமம் மாறாது. எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. எழுத்துருக் கோப்போடு உரிம உரையையும் உள்ளே வையுங்கள். பதிப்பகத்தின் கணினியில் இருந்த "எங்கிருந்தோ வந்த" எழுத்துருவை எடுத்துப் பொதிக்காதீர்கள்.

உரிம வரியை மூன்று இடத்தில் போடுங்கள்: உள்ளே பதிப்பு விவரப் பக்கம், இபப்பின் மீத்தரவில் (நூலைப் பற்றிய விவரப் பகுதி) உரிமைகளுக்கான புலம், ஏற்றும் தளத்தில் உரிமம் தேர்வு செய்யும் பெட்டி. மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய பக்கத்தை அப்படியே ஒட்டியதில் "அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை" என்ற வரி பாதி மின்னூல்களில் உட்கார்ந்திருக்கிறது, கீழேயே சிசி முத்திரை.

அச்சுப் புத்தகத்தின் பழைய ஐஎஸ்பிஎன் நூல் எண்ணை ஒட்டாதீர்கள். இபப்புக்குத் தனி எண் வேண்டும். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் முகமையில் இலவசம். இலவச வெளியீட்டுக்கு எண் இல்லாமலும் விடலாம்.

ஆற்றங்கரை | 19 ஏப்ரல், மாலை 6.10

தவணை முடிந்தது. நண்பர் மின்னஞ்சல் அனுப்பிவிட்டார், அட்டையும் பை-எஸ்ஏ. நான்கு படத்தில் இரண்டை எடுத்துவிட்டேன், இரண்டுக்குக் காமன்ஸ் படம். பதிப்பு விவரப் பக்கம் இப்படி:

கதைகள், முன்னுரை, அட்டை ஓவியம், அணிந்துரை: கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0 சர்வதேச உரிமம். பக்கம் 31, 74 ஒளிப்படங்கள்: எடுத்தவர், மூலம், உரிமம் படத்தின் கீழே. எழுத்துரு: நோட்டோ செரிஃப் தமிழ், ஓஎஃப்எல் 1.1.

ஏற்றலாமா?

சட்டப்புள்ளி | 19 ஏப்ரல், இரவு 8.45

அணிந்துரை எழுதியவர் யார்? அவர் எழுத்தில் சம்மதித்தாரா?

ஆற்றங்கரை | 19 ஏப்ரல், இரவு 9.00

மூத்த எழுத்தாளர் ஒருவர். 2019-இல் காலமாகிவிட்டார்.

சட்டப்புள்ளி | 19 ஏப்ரல், இரவு 9.12

அப்படியானால் 2079 முடியும்வரை அது அவர் வாரிசுகளுடையது. அச்சுப் புத்தகத்துக்கு எழுதிக் கொடுத்தார் என்பதால் பை-எஸ்ஏவில் விட அனுமதித்ததாகாது. ஒருவருக்கு மேல் வாரிசு இருந்தால் எல்லோரும் ஒப்ப வேண்டும்.

ஆற்றங்கரை | 19 ஏப்ரல், இரவு 9.20

மகள் எண் இருக்கிறது. கேட்கிறேன்.

அச்சுமை | 19 ஏப்ரல், இரவு 9.31

கேட்கும்போது இரண்டு வழியும் சொல்லுங்கள்: பை-எஸ்ஏ, இல்லாவிட்டால் இந்த மின்னூலில் மட்டும் மாற்றமில்லாமல் சேர்க்க அனுமதி. இரண்டாவது என்றால் "அணிந்துரை இந்த உரிமத்தில் அடங்காது" என்று அந்தப் பக்கத்திலேயே போட வேண்டும். ஆனால் அப்படி ஒட்டியிருந்தால் நூலை மறுபடி வெளியிடுகிறவர் ஒவ்வொருவரும் அதைக் கழற்ற வேண்டியிருக்கும்.

பதில் வரும்வரை அணிந்துரை இல்லாமல் நூலின் பதிப்பு 1.0 என்று எண்ணிட்டு ஏற்றுங்கள். வந்தால் 1.1. பொருளடக்கத்திலிருந்தும் அதை எடுங்கள், இல்லாவிட்டால் இபப் சரிபார்ப்பில் உடைந்த இணைப்பு என்று வரும்.